வீமனுக்கு எட்டுப் படைத்த பனிக்காலம்

பிள்ளைகளாக மொன்றியலுக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷன் ஒழுங்கைகளில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் இப்போது ஐம்பது எட்டிப் பார்க்கிறது. கலியாண வீடுகளில் சந்தித்தால் முழங்கால் நோவைப் பற்றியும் கண்ணாடி மாற்றியதைப் பற்றியும் கதைக்கிறோம். முதல் பனியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறோம்: நாக்கை நீட்டினோம், வழுக்கி விழுந்தோம், சிரித்தோம். என் கதையில் ஒரு நாயும் இருக்கிறது. பனி சுழற்றியடித்த ஓர் இரவில் அது வெளியே போனது. அது திரும்பி வருமா என்பதைத் தவிர அடுத்த இரண்டு நாட்களும் எங்கள் வீட்டில் வேறு கேள்வி இருக்கவில்லை.

முதலில் ஆண்டைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். அது தொண்ணூற்று நான்காம் ஆண்டின் தை மாதம். தொண்ணூற்றைந்து என்று என் அண்ணன் இன்றைக்கும் சாதிக்கிறான். அவன் சொல்வது பிழை. அந்தத் தையில் தம்பி இன்னும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை. எனக்கும் அண்ணனுக்கும் பள்ளிக்கூடம் பூட்டப்பட்ட செய்தி வந்து நாங்கள் குதித்தபோது, ஏன் குதிக்கிறோம் என்று விளங்காமல் அவனும் சேர்ந்து குதித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த தையில் அவனுக்கும் புத்தகப் பை இருந்தது.

நாய் வந்தது அதற்கு முந்திய யூலை முதலாம் திகதி. அந்த நாளில் மொன்றியலின் பாதிச் சனம் கட்டில்களையும் மெத்தைகளையும் வளைந்த இரும்புப் படிகளால் இறக்கி, மற்றப் பாதிச் சனம் இறங்கிய படிகளால் ஏற்றும். நாங்களும் அப்படித்தான் ஓர் இரண்டாம் மாடி வீட்டுக்குக் குடிபோனோம். முன்பு இருந்தவர்கள் ஒரு கிழிந்த சோபாவையும், கைப்பிடி இல்லாத ஒரு கேத்திலையும், பின்படிக் கம்பியில் கட்டியபடி ஒரு நாயையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ, ஆரின்ர நாய் இது?" என்று அம்மா கேட்டார்.

அப்பா சோபாவின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றார். "வீட்டோட வந்தது," என்றார்.

மண்ணிற நாய். நெஞ்சில் மட்டும் வெள்ளை. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது பாதியில் மடிந்து கிடக்கும். கழுத்துப் பட்டி இறுகி, உள்ளே தோல் உரிந்து சிவந்திருந்தது. அப்பா சோபாவை அப்படியே படியில் வைத்துவிட்டு, சாமான் பெட்டிக்குள் இருந்த இறைச்சிக் கத்தியைத் தேடி எடுத்து, நாயின் தாடையை ஒரு கையால் தடவியபடி மற்றக் கையால் பட்டியை அறுத்தார். பட்டியில் இலக்கம் பொறித்த சின்னத் தகடு ஒன்று தொங்கியது. அது எதற்கென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் கிராமத்தில் நாய்க்குத் தகடு கட்டியவரை நான் அறியேன். பட்டியோடு தகடும் குப்பைப் பைக்குள் போனது.

அன்று பின்னேரம் ஒரு சட்டிச் சோறும் மீன்குழம்பும் வைத்தோம். நிமிர்ந்து பார்க்காமல் தின்று, சட்டியை ஒழுங்கை வரைக்கும் நக்கித் தள்ளிக்கொண்டு போனது. "வீமன் மாதிரித் தின்னுறான்," என்றார் அம்மா. பெயர் அப்படித்தான் வந்தது. முன்பு அவனுக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் இருந்திருக்கும். அண்ணன் தன் வகுப்பில் இருந்த பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தான். ஒன்றுக்கும் காது அசையவில்லை. இலையுதிர் காலம் வருவதற்குள் "வா", "இரு", "போதும்", "அங்கால போ" எல்லாம் அவனுக்கு விளங்கின.

கீழ்வீட்டில் ஒரு மாமி இருந்தார். உறவில்லை, எல்லோருக்கும் மாமி. படியேறி வந்து இடுப்பில் கைவைத்து நாயைப் பார்த்தார்.

"அகதிக் கேஸ் முடியேல்லை, வேலை நிரந்தரமில்லை, அதுக்குள்ள நாயும் வளக்கிறியளோ?"

"நாங்கள் எங்க வளக்கிறம், அதுதான் எங்களை வளக்குது," என்றார் அப்பா.

"ஆனால் வடிவான நாய். சிங்கக்குட்டி மாதிரி."

மாமி இறங்கிப் போன கையோடு அம்மா ஒரு கறுப்பு நூலைத் திரித்து வீமனின் கழுத்தில் கட்டிவிட்டார். மாமியின் நாவூறு பொல்லாதது என்பது அம்மாவின் கட்சி. அதற்குப் பிறகு அவன் கழுத்தில் இருந்தது அந்த நூல் ஒன்றுதான்.

நாயை வீட்டுக்குள் எடுக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. பின்படியோடு ஒட்டி ஒரு தகரக் கொட்டில் இருந்தது. அதுதான் அவன் வீடு. கார்த்திகையில் குளிர் இறங்கியதும் அம்மா கொஞ்சம் இளகினார். குசினியின் பின்கதவோரம் ஒரு சாக்குப் போட்டார். ஆனால் அதற்கு அப்பால் சாமித்தட்டு இருந்த அலுமாரி. "மூக்கு வரலாம், கால் வரப்படாது," என்று அவனுக்குச் சொல்லிவைத்தார். நம்பமாட்டீர்கள், அவன் அந்தச் சட்டத்தைக் கடைசிவரை மீறவில்லை. சாக்கின் விளிம்பில் இரண்டு முன்கால்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு, உடம்பை நீட்டி நீட்டி, மூக்கை மட்டும் அடுப்புப் பக்கம் அனுப்புவான். தம்பியும் நாய் போல் தவழ்ந்து போய் அந்த மூக்கில் லெமன் பவ் பிஸ்கற்றைத் தேய்ப்பான்.

இரவில் மட்டும் அவனை விட்டுவிட வேண்டும். இது அப்பாவின் சட்டம். சாப்பாடு முடிந்து கோப்பை கழுவும் நேரத்தில் பின்கதவைத் திறப்பார். வீமன் படியிறங்கி ஒழுங்கைக்குள் மறைவான். விடியக் கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்கும். ஊரில் எல்லாரும் அப்படித்தானே செய்தார்கள். பகலில் கட்டி வைப்பார்கள், இரவில் அவிழ்த்து விடுவார்கள். நாய் காணியைச் சுற்றும், ஊரைச் சுற்றும், விடிய வந்து தன் இடத்தில் சுருண்டுவிடும். மொன்றியலிலும் ஆடி, ஆவணி, புரட்டாதி என்று மாதக்கணக்காக அது அப்படியே நடந்தது. ஒரு விடியல்கூடப் பிழைக்கவில்லை. பிழைக்காத ஒன்றை யார்தான் பிழை என்று நினைப்பார்கள்?

அப்பாவுக்கு அதில் இன்னொரு பிடிவாதமும் இருந்தது. ஊரில் செல்லடி தொடங்கி நாங்கள் வீட்டை விட்டு ஓடிய நாளில், எல்லோரும் வண்டியில் ஏறிய பிறகு அப்பா மட்டும் திரும்பி ஓடிப்போய் எங்கள் நாயை அவிழ்த்து விட்டார். பக்கத்து வீட்டார் தங்கள் நாயை மறந்து போனார்கள். சண்டை ஓய்ந்து திரும்பி வந்தபோது எங்கள் நாய் எலும்பும் தோலுமாக வாசல் படலையில் நின்றது. பக்கத்து வீட்டு நாய் சங்கிலி நீண்ட தூரம்வரை மண்ணைக் கிண்டிவிட்டு அங்கேயே செத்துக் கிடந்தது. "கட்டின நாய் சாகும், அவிட்ட நாய் பிழைக்கும்," என்று அப்பா சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் சந்தேகம் இருக்காது.

அந்தத் தையில், பொங்கலுக்குப் பிறகு, பனி கொட்டியது. விடிய எழும்பினால் சன்னலில் பாதி வெள்ளை. அண்ணன் வானொலிப் பெட்டியில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு, பூட்டிய பள்ளிக்கூடங்களின் பெயர்களைப் பிரெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்தான். எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டே சுற்றி ஆடினான். வயர் கழன்று பெட்டி ஊமையானது.

அன்று அப்பாவுக்கும் வேலை இல்லை. அவர் அப்போது நகரத்து நடுவில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், உணவகம் திறக்கவில்லை. அங்கே கழித்துவிட்ட பெரிய அலுமினியத் தட்டம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா அதில் வடகம் காயப்போடுவார். அப்பா அதன் இரண்டு காதிலும் கொடிக்கயிறு கட்டினார். பனிவாரி வண்டி ஒழுங்கையின் முடிவில் ஒரு மலையைக் குவித்துவிட்டுப் போயிருந்தது. அங்கே தட்டத்தை இழுத்துக்கொண்டு போனோம்.

வீமனுக்குப் பனி புதிதல்ல. அவன்தான் எங்களுக்குக் காட்டித்தந்தான். மூக்கால் உழுதுகொண்டு ஓடினான். முழுதாக அமிழ்ந்து, அந்த நிமிர்ந்த காது மட்டும் தெரிய நின்று, பிறகு வேறொரு இடத்தில் வெடித்து வெளியே வந்தான். மயிரில் பனி உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொண்டது. தட்டத்தில் நாங்கள் சறுக்கினால் கயிற்றைக் கவ்விக்கொண்டு கூடவே இழுபட்டு வருவான். தம்பி கீழே வந்து சேர்வதற்குள் அவன் சேர்ந்து, திரும்பி நின்று, ஏன் இவ்வளவு சுணக்கம் என்பது போல் குரைப்பான்.

அம்மா மேலங்கிக்குள் சேலையைச் சொருகிக்கொண்டு படியில் நின்று பார்த்தார்.

"நீரும் வாரும்," என்றார் அப்பா.

"எனக்கென்ன விசரோ?"

"ஒருக்கா இரும். நான் பிடிக்கிறன்."

"நாலு சனம் பாத்தால் என்ன நினைக்கும்?"

"நாலு சனமும் பனிக்குள்ள புதைஞ்சுபோச்சு. வாரும்."

அம்மா ஏறி அமர்ந்தார். அப்பா பிடிப்பதாகச் சொன்ன கையை விட்டார். தட்டம் ஒரு பக்கமாகச் சுழன்று இறங்கியது. அம்மாவின் கம்பளித் தொப்பி ஒரு பக்கம் பறந்தது. கீழே போய்க் கவிழ்ந்து, வானத்தைப் பார்த்துக் கிடந்தபடி அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. வீமன் தொப்பியைக் கவ்விக்கொண்டு வந்து அவர் நெஞ்சில் போட்டான். நாயைத் தொட்டால் குளிக்கிற அம்மா அவனை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்தார்.

பின்னேரம் வீட்டுக்குள் கையுறைகளும் காலுறைகளும் சூடாக்கியின் மேல் வரிசையாகக் காய்ந்தன. ஈரக் கம்பளியும் ஈர நாயும் இறால் குழம்பும் கலந்த மணம். அந்த மணத்தை எனக்கு யாராவது திருப்பித் தரமுடியுமென்றால் நான் வேறொன்றும் கேட்கமாட்டேன்.

சாப்பாடு முடிந்தபோது காற்று மாறியிருந்தது. பனி மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வீமன் வழக்கம்போல் பின்கதவடியில் போய் நின்று அப்பாவைப் பார்த்தான்.

"இண்டைக்கு விடாதேங்கோ. சுழட்டியடிக்குது," என்றார் அம்மா.

"மூடி வைச்சால் ஊளை விடுவான். கீழ மாமி தும்புக்கட்டையால முகட்டில இடிப்பா."

"இடிச்சால் இடிக்கட்டும்."

"அவன் பனி நாய். பகல் பாத்தனீர்தானே? எங்களை விட அவனுக்கு உது தெரியும்."

அண்ணனும் நானும் அப்பாவின் பக்கம். எங்களுக்கும் அன்று அவன் வெல்லமுடியாதவனாகத் தெரிந்தான். அப்பா கதவைத் திறந்தார். கொஞ்சம் பனி சாக்கின் மேல் வந்து விழுந்தது. வீமன் இரண்டு படி இறங்கியதுவரைதான் தெரிந்தது.

விடியப் பிறாண்டல் இல்லை.

அன்றும் பள்ளிக்கூடம் பூட்டு. ஆனால் ஒருவரும் ஆடவில்லை. அப்பா கதவைத் தள்ளித் திறந்து, ஒவ்வொரு படியாகப் பனியை வழித்து இறங்கினார். ஒழுங்கையில் ஓர் அடையாளமும் இல்லை. துவைத்த வேட்டியை விரித்தது போல் கிடந்தது. நாங்கள் மூவரும், அம்மாவும்கூட, தெருத்தெருவாகப் போய் "வீமா, வீமா" என்று கூப்பிட்டோம். வாகனங்களைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்த சனம் மண்வெட்டியை ஊன்றி நின்று எங்களைப் பார்த்தது. தம்பி ஒவ்வொரு பனிக்குவியலின் முன்னும் குனிந்து, "வீமன், நாங்கள் விளையாடேல்லை, வெளியில வா," என்றான்.

அண்ணன் அப்பாவிடம் கேட்டான்: "நகரசபைக்கு அடிச்சுக் கேப்பமோ? இல்லாட்டிப் பொலிசுக்கு?"

"நாயைப் பற்றிப் பொலிசோட கதைக்கிறதோ? எங்கட கேஸ் இன்னும் கிடக்கு. பேசாமல் இரு."

"நாயைத் தேடுறதும் குற்றமே?"

"என்ன குற்றம், என்ன குற்றமில்லை எண்டு எனக்கு இஞ்ச தெரியாது, மோனை. அதுதான் பயம்."

அடுத்த நாள் பின்னேரம் அப்பா பால் வாங்க மூலையில் இருந்த டெப்பனருக்குப் போனார். அந்தச் சின்னக் கடையை நடத்தியவர் ஒரு கிரேக்கர். வீமனுக்குக் கோழித்தோல் போடுகிறவர். அப்பா திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றாமல், பால் பையைக் கையில் வைத்துக்கொண்டு கதவடியிலேயே நின்றார். சப்பாத்தைச் சுற்றித் தண்ணீர் பரவியது. அம்மா வழக்கமாக அதற்குக் கத்துவார். அன்று கத்தவில்லை.

"அவன் இனி வரான்," என்றார் அப்பா எங்களிடம். "பனிவாரி வண்டி அடிச்சுப் போட்டுது. கடைக்காரர் கண்டவராம். உடனே உயிர் போயிட்டுதாம். நோவில்லை."

"எங்க கிடக்கிறான்?" என்று அண்ணன் கேட்டான்.

"பனியோட அள்ளிக்கொண்டு போயிட்டாங்கள்."

தம்பிக்கு அது விளங்கவில்லை. "பனி கரைஞ்சால் வருவானோ?" என்றான். அப்பா பால் பையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு மறுபடி வெளியே போனார்.

நாள் போனது. எட்டாம் நாள் நெருங்கியபோது அம்மா ஏனென்று சொல்லாமல் இறைச்சி வாங்கி வரச் சொன்னார். எட்டுச் செலவு உங்களுக்குத் தெரியும். செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்து, எட்டாம் நாள் படைத்து அனுப்புவது. மனிதருக்குத்தான் செய்வார்கள். கீழ்வீட்டு மாமி மணத்தைப் பிடித்து மேலே வந்தார்.

"என்ன, ஆருக்கு?"

அம்மா அகப்பையை நிறுத்தவில்லை. "வீமனுக்கு."

"நாய்க்கு எட்டோ? ஊர் சிரிக்கும், பிள்ளை."

"ஊர் எங்க இருக்கு, சிரிக்க?"

மாமி சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார். சமையல் முடியும் நேரம் திரும்பி வந்து, பொரித்த மீன் துண்டு இரண்டைக் கடதாசியில் சுற்றியபடி நீட்டினார். "அவனுக்கு என்ர மீன்தலை விருப்பம். நீங்கள் இல்லாத நேரம் குடுக்கிறனான்," என்றார். முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டார்.

வாழையிலை இல்லை. வெள்ளித்தாள் தட்டில் சோறு, எலும்புக் கறி, மாமியின் மீன், பிஸ்கற், அவன் விரும்பிக் குடிக்கும் பால்தேத்தண்ணி ஒரு கிண்ணத்தில். பின்படியின் அடியில் பனியைத் தட்டிச் சமமாக்கி வைத்தோம். அம்மா கொளுத்திய விளக்கு நிற்கவில்லை. மூன்று தரம் கொளுத்திவிட்டு விட்டுவிட்டார். சுடுசோற்றின் ஆவி எழும்பி, தட்டு மெல்ல மெல்லப் பனிக்குள் இறங்கியது. அப்பா மேலே கதவுக்குள்ளேயே நின்றார். இறங்கி வரவே இல்லை. விடியப் பார்த்தபோது தட்டு வெறுமை. அணிலோ, பக்கத்து ஒழுங்கைப் பூனையோ தின்றிருக்கும். வீமன் வந்து தின்றுவிட்டுப் போனான் என்று தம்பி பல நாள் சொல்லித் திரிந்தான். நாங்கள் மறுக்கவில்லை.

உண்மையை அம்மா எனக்குச் சொன்னது இருபது வருடங்களுக்குப் பிறகு. அப்போது நாங்கள் நகரின் லாசால் பகுதிக்கு மாறிவிட்டோம். முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னார்.

"வண்டி ஒண்டும் அடிக்கேல்லை, பிள்ளை. நாய் பிடிகாரர் வந்து கொண்டுபோனவங்கள். கறுப்பு நூலைக் கண்டிட்டுக் கடைக்காரர் கொப்பாவுக்குச் சொன்னவர். கொப்பா உங்களுக்கு மாத்திச் சொன்னார்."

அப்பா சிறுவயதில் பட்டணத்தில் தங்கிப் படித்தவர். நகரசபையின் நாய் பிடிக்கும் வண்டியை அங்கே கண்டிருக்கிறார். தடியின் முனையில் கம்பிச் சுருக்கு. பிடித்த நாய்களுக்குப் பொழுது சாய்வதற்குள் முடிவு. ஒரு நாய்கூடத் திரும்பி வந்ததில்லை. அதனால் கடைக்காரர் சொன்ன கணத்திலேயே, முந்தைய நாள் பிடிபட்ட வீமன் அப்பாவுக்குச் செத்துவிட்டான். சுருக்கில் தொங்கிய நாயைப் பிள்ளைகள் கனவில் காணக்கூடாதென்று, நோவில்லாத ஒரு சாவை வழியெல்லாம் யோசித்து எங்களுக்குக் கொண்டுவந்தார். அதைக் கேட்டபோது நான் அப்பாவுக்காகத்தான் கவலைப்பட்டேன். வீமன் செத்தது பற்றி எனக்குச் சந்தேகம் வரவில்லை. எனக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்கவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன், மார்கழியில், என் மகள் நாய் வேண்டுமென்று அடம்பிடித்தாள். கைவிடப்பட்ட நாய்களை வைத்திருக்கும் இடம் ஒன்றுக்குப் போனோம். அப்பாவும் வருகிறேன் என்றார். எண்பதை நெருங்கியவர்; வீட்டில் இருந்து அலுத்துப்போயிருந்தார். பிரெஞ்சுச் சமையலறைகளில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர் என்றாலும், மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்தால் எங்களைத்தான் கதைக்கவிடுவார்.

கூடுகள் வரிசையாக இருந்தன. மகள் முன்னால் ஓடினாள். சில கூடுகளில் மட்டும் சிவப்பு அட்டை தொங்கியது. அவை என்ன என்று அங்கே வேலை செய்த இளம்பெண்ணிடம் பிரெஞ்சில் கேட்டேன். தெருவில் பிடிபட்டவை, இப்போதைக்குக் கொடுக்கமாட்டோம், என்றாள். உரிமையாளர் தேடி வருவார்கள், சில நாட்கள் அவர்களுக்காக வைத்திருப்போம். பட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். வந்து கேட்டால் கொடுத்துவிடுவோம்.

அப்பா என் கையைப் பிடித்தார். "இது எப்ப துவக்கம் எண்டு கேள்."

கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் வயதான ஒருவரைக் கேட்டுக்கொண்டு வந்தாள். எப்போதுமே இப்படித்தானாம். அவர் எண்பதுகளில் வேலைக்குச் சேர்ந்தபோதும் இப்படித்தானாம். உரிமையாளரின் குரல் கேட்டதும் சில நாய்கள் கூட்டையே உடைக்கப் பார்க்கும் என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் சிவப்பு அட்டைகளைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"கிட்டடியிலதானாம், அப்பா. முந்தி இப்பிடி இல்லையாம்."

"ஆ," என்றார். சிவப்பு அட்டை போட்ட ஒரு கூட்டின் முன் நின்றார். உள்ளே ஒரு கிழட்டு நாய் எழும்பி, எங்களைப் பார்த்து, நாங்கள் அதன் ஆட்கள் இல்லை என்று கண்டு மறுபடி படுத்தது. "அப்ப சரி," என்றார் அப்பா.

அன்று நாய் எடுக்கவில்லை. மகள் கோபத்தோடு பின் இருக்கையில் ஏறிக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். நான் காரை எடுக்கவில்லை. கண்ணாடியில் பனி விழுந்து வெளியே மறைந்துகொண்டிருந்தது.

"எனக்குப் பிரெஞ்சு விளங்கும், பிள்ளை," என்றார் அப்பா.

நான் சாவியை மடியில் வைத்தேன்.

"நீ நல்லதுக்குத்தான் சொன்னனீ. நானும் உங்களுக்கு அப்பிடித்தானே சொன்னனான்."

"பேந்து ஆரும் நல்ல ஆக்கள் எடுத்திருப்பினம், அப்பா."

"எடுத்திருக்கலாம். வீமா எண்டு கூப்பிட்டிருக்க மாட்டினம்." கைகளைத் தொடையில் வைத்து விரித்துப் பார்த்தார். "கடையில நான் நிண்டு இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். எங்க கொண்டுபோனவங்கள் எண்டு. அவ்வளவுதான். நான் பாலை வாங்கிக்கொண்டு வந்திட்டன்."

விரல்களை மடக்கி எண்ணிவிட்டு, "நாங்கள் எட்டுப் படைச்ச அண்டைக்கும் உயிரோட இருந்திருப்பான், என்ன?" என்று கேட்டார்.

இரண்டாம் தரம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "இருந்திருப்பான், அப்பா," என்றேன்.

தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை."

சொல்லவில்லை. அப்பா போய் இரண்டு வருடமாகிறது. அவரும் சொல்லாமலே போனார். அம்மாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. எழுத்து வாசிக்கமாட்டார். அதனால்தான் இதை எழுத முடிந்தது. உங்களில் சிலர் லாசால் பக்கம் வரும்போது எங்கள் வீட்டுக்கு வந்து அவரோடு இருந்து கதைக்கிறீர்கள். பத்திரிகை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பார். இதை மட்டும் வாசித்துக் காட்டாதீர்கள். வீமன் பிடிபட்ட அன்றே செத்துப்போனான், தான் வைத்த சோற்றைத் தின்றுவிட்டுத்தான் போனான் என்று அவர் இருக்கட்டும்.